ஜீப்புக்காரிகளுக்கு வந்த ஊசி

அவள் மேல் எனக்குப் பொறாமை. எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. அவளுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலக்காய் பறித்துவிட்டுப் பொழுது சாய இறங்குவாள். மலையில் வேலை இல்லாதபோது எங்கள் களத்துக்கு வருவாள். நானோ அடிவாரத்துச் சிலமலை ஊரில் தோட்டமும் கிணறும் உள்ள வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். இவளைப் பார்த்தா வயிறெரிந்தாய் என்று கேட்டால், ஆமாம், எரிந்தது.

என் முதல் பிள்ளை பிறந்து ஒரு வாரம்தான் இருந்தது. வாய் கிட்டிப்போய், பால் குடிக்க முடியாமல், ஜன்னி வந்து விறைத்துச் செத்தது. பெயர் வைக்காத பிள்ளையை எங்கள் வீடுகளில் கணக்கில் சேர்ப்பதில்லை, அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. வீட்டைக் கழுவிவிட்டு எல்லாரும் அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வீடு வீடாக விசாரிக்க வந்தாள். பச்சைப் பிள்ளைகள் ஏன் சாகின்றன, இந்த ஜன்னி வராமல் தடுக்கிற ஊசியைக் கர்ப்பிணிகள் ஏன் போட்டுக்கொள்வதில்லை என்று கேட்டாள். எங்கள் வாசலில் பதில் சொன்னது என் மாமியார்.

“எங்க வீட்ல ஒரு கொறையுமில்ல தாயி. நீ அந்தக் கூலிக்காரக தெருவுல போயிக் கேளு.”

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பெண்ணும் தலையாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கூலிக்காரர் தெருவில் அந்தக் கல்லூரிப் பெண் பொறுமையாக உட்கார்ந்து கேட்டாள். ஜீப்பிலேறி எஸ்டேட் வரைக்கும்கூடப் போய்வந்தாள். அதுவரை அதிகாரிகள் சொல்லிவந்தது, அந்தப் பொம்பளைகளுக்கு விவரம் பத்தாது, ஊசி என்றால் பயம் என்பதுதான். விசாரித்ததில் வேறு விஷயம் வெளிவந்தது. நர்சம்மா ஊருக்கு வருவது காலையில், அப்போது அவர்கள் மலையில் இருப்பார்கள். அவர்கள் இறங்கும்போது நர்சம்மா போடிக்குப் பஸ்சு ஏறியிருப்பார். ஜீப்புக்குப் போகிற வீடுகளில்தான் பிள்ளைச் சாவு அதிகம் என்பதையும் சேர்த்து அந்தப் பெண் மேலிடத்துக்கு எழுதிப் போட்டாளாம். அதிசயமாக அரசாங்கமும் காது கொடுத்துக் கேட்டது. நர்சம்மா வருகிற நேரத்தை மாற்றினார்கள். சாயங்காலம், ஜீப்பு நிற்கிற இடத்திலேயே ஊசி.

அப்போது நான் மறுபடி முழுகாமல் இருந்தேன். ஜீப்பில் போகிற அவளும்தான். தண்ணீருக்குப் போகும்போது பார்ப்பேன். ஏலக்காய் வாசனையோடு இறங்கி, கிழிந்த ஸ்வெட்டர் கையைச் சுருட்டி நீட்டிக்கொண்டு, “வெரசாப் போடுங்கம்மா, போயி உலை வைக்கணும்” என்று நர்சம்மாவையே விரட்டுவாள். அவளுக்காக ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் நேரம் மாற்றி வருகிறார். எனக்காக என் வீட்டில் ஒரு ஆள் அசையவில்லை. மகராசி, கொடுத்து வைத்தவள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குடத்தைத் தூக்குவேன்.

என் வீட்டுக்காரரிடம் கேட்டும் பார்த்தேன்.

“நம்ம வீட்டுப் பொம்பள ஜீப்புக்காரிக கூட வரிசையில நிக்கிறதா? போடியில பெரிய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன் புள்ள. வெள்ளாம முடியட்டும்.”

வெள்ளாமை முடிந்தது. அடுத்த விதைப்பும் ஆனது. வயிறு நிறைமாதத்தைத் தொட்டது. போடிக்கு மூட்டைகள்தான் போய்க்கொண்டிருந்தன.

நேரம் மாற்றியதில் என்ன பலன் என்று பார்க்க அந்தக் கல்லூரிப் பெண் திரும்பவும் வந்தாள். மாமியார் பழைய பாட்டையே ஆரம்பித்தார். “எங்க வீட்ல ஒரு கொறையு...”

நான் வெளியே வந்தேன். “ஒரு பிள்ள செத்துச்சு. ஆம்பளப் பிள்ள. வாய் கிட்டி, ஜன்னி வந்து செத்துச்சு. எழுதுங்க.”

“உள்ள போடி” என்றார் மாமியார். நான் போகவில்லை.

அந்தப் பெண் என் வயிற்றைப் பார்த்தாள். “இந்தத் தடவை ஊசி போட்டீங்களாக்கா?”

“எங்களுக்கெல்லாம் யாரு போடுறா? ஜீப்புல போறவுகளுக்குத்தான் வந்து போடுறாக.”

“யார் வந்தாலும் போடுவாங்கக்கா. இன்னைக்கே போங்க.”

அன்று சாயங்காலம் யாரிடமும் கேட்காமல் போனேன். தெருவே பார்த்தது. ஜீப்பிலிருந்து இறங்கிய அவள் சத்து மாத்திரை வாங்க வரிசையில் நின்றிருந்தாள். ஊசி இரண்டும் அவளுக்கு முன்பே போட்டாகிவிட்டது. “ஆத்தா, நீங்க முன்னால வாங்க” என்று விலகி இடம் விட்டாள். பிரியமாகத்தான் சொன்னாள், எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

“ஒரு மாசம் விட்டு ரெண்டு போடணும்மா” என்றார் நர்சம்மா. “உங்களுக்கு ஒண்ணு போடத்தான் நேரமிருக்கு, அது முழுசாக் காக்காது. தொப்புள்கொடி அறுக்கப் புது பிளேடு வாங்கிக் கொதிக்க வச்சுக்கங்க.”

அதன் பிறகு விசாரிக்க வந்தவர்கள் மருமகள்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்தக் கல்லூரிப் பெண் எழுதிப் போட்டதால் வந்த மாற்றம் என்றார் நர்சம்மா. எங்கள் தெருவுக்கும் ஊசி வந்தது. நான் பெற்ற பிறகு வந்தது.

எனக்குப் பெண் பிறந்தது. பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. அழுதால் வாய் திறக்கிறதே என்று நிம்மதி. அழுகை நின்றால் விரலால் உதட்டைப் பிரித்துப் பார்ப்பேன். எனக்கு முன்பே பெற்றிருந்த அவள், தூளியோடு எங்கள் களத்துக்கு வேலைக்கு வந்தவள், என்னைப் பார்க்க வந்தாள்.

“பிள்ள பால் குடிக்குதா ஆத்தா?”

“குடிக்குது.”

“நீங்க கண்ணசந்த மாதிரியே தெரியலையே. நான் பெத்த அன்னைக்கே நல்லாத் தூங்கிட்டேன். அதான் ரெண்டு ஊசியும் போட்டாச்சே.”

சொல்லிவிட்டுக் களத்து நிழலில் பிள்ளையை அணைத்துப் படுத்தாள். படுத்தவுடன் குறட்டை. நான் என் மகளின் உதட்டை மறுபடி பிரித்துப் பார்த்தேன்.