பதினெட்டு மூச்சு

அப்போது நான் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நிமிடத்துக்குப் பதினாறு முதல் இருபது மூச்சு இருந்தால் சரி என்று அட்டையில் அழகாக எழுதி, வார்டுச் சுவரில் நானே மாட்டியிருந்தேன். யாருக்குச் சரி என்பதை மட்டும் எழுதவில்லை.

ஒரு மதியம், நெஞ்சுச்சளியோடு கிடந்த ஒரு மாதக் குழந்தையின் மூச்சை எண்ணினேன். பதினெட்டு! அட்டையைப் பார்த்தேன். மனம் குளிர்ந்தது.

"காலையில அம்புட்டு வேகமா இரைச்சுச்சே நர்ஸம்மா, இப்ப அடங்கிருச்சு. நல்லாயிருச்சா?" என்றாள், குஜிலியம்பாறையிலிருந்து வந்திருந்த தாய்.

"நல்லாயிருச்சு. நீ செத்த நேரம் படு."

தற்செயலாக உள்ளே வந்த டாக்டர், குழந்தையைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார். "பதினெட்டு உங்களுக்கும் எனக்கும் சரி சிஸ்டர்! பச்சப்புள்ளைக்கு நாப்பதாவது வேணாமா? மூச்சுவிடத் தெம்பில்லாம அடங்குது!" என்று கத்திக்கொண்டே ஆக்சிஜன் குழாயைப் பொருத்தினார்.

அதே பதினெட்டு என் நெஞ்சில் உயிராகவும், அந்தப் பிஞ்சு நெஞ்சில் சாவாகவும் இருந்தது.

குழந்தை பிழைத்தது. ஊருக்குக் கிளம்பும்போது தாய் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க எண்ணிப் பாத்ததாலதான் எம்புள்ள பொழைச்சான்."

இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களிடம் சொல்கிறேன்.