மடிப்பை அளந்த அண்ணன்

அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி, அவர் போனபின் லைசென்ஸோடு அண்ணன் பேருக்கு வந்தது. துப்பாக்கிக்கு வயது நூறைத் தாண்டியிருக்கும். அமிர்தி காட்டோரம் எங்கள் வேர்க்கடலையில் பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. அப்பா வைத்திருந்த தோட்டா தீர்ந்துபோக, அண்ணன் வேலூரில் ஒரு புதுப் பெட்டி வாங்கி வந்தான்.

குழலுக்கு அடியில், போடவேண்டிய தோட்டாவின் நீளம் இரண்டரை இஞ்ச் என்று பொறித்திருந்தது. பெட்டியின்மேல் எழுபது மில்லிமீட்டர். இரண்டரை இஞ்ச் என்றால் அறுபத்தைந்துகூட வராது. "ஜாஸ்தியா இருக்கேண்ணா" என்றேன்.

அண்ணன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அளக்காமல் எதையும் நம்பமாட்டான். அளந்துவிட்டால் கடவுளே வந்து சொன்னாலும் கேட்கமாட்டான். ஒரு தோட்டாவை எடுத்து ஸ்கேலில் வைத்தான்.

"பாரு, அறுபதுகூட இல்ல. பெட்டியில போட்டவனுக்கு இன்னா தெரியும்? குழல்ல போட்டும் பாத்துட்டேன், கச்சிதமா உக்காருது."

தோட்டாவின் வாயைப் பார்த்தேன். பிளாஸ்டிக்கை மடித்து மடித்து நடுவில் அமுக்கியிருந்தார்கள். எனக்கும் அதே கம்பெனிதான், தோல் ஓரத்தை மடித்துத் தைக்கிற செக்‌ஷன். மடிப்புக்கு இடம் விடாமல் வெட்டிய ஆட்களை அண்ணன் கிழிப்பது எங்கள் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

"மடிச்சத அளந்துக்கினு பேசுறியே, சுட்டா இது விரியாதா?"

"சும்மா பேஜார் பண்ணாத" என்றான். ஆனாலும் கடைக்குப் போன் போட்டான். கடைக்காரர் சொன்னது ஸ்பீக்கரில், சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்த அண்ணிக்கும் எனக்கும் கேட்டது. பெட்டியில் இருப்பது சுட்டு விரிந்தபின் வரும் நீளம். பழைய குழலில் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறினால் குழலே பிளக்கலாம். நீளம் சரியான தோட்டா கிடைத்தாலும், அதன் வேகத்தை அந்தக் குழல் தாங்குமா என்று துப்பாக்கி ரிப்பேர்காரர் பார்க்காமல் சுடக்கூடாது. "பழசுன்னு வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே சார்" என்று அலுத்துக்கொண்டார்.

அண்ணன் எழுந்து உள்ளே போய், பீரோ ஓரம் சாத்தியிருந்த துப்பாக்கியை எடுத்து, வாயைத் தரைப் பக்கம் சாய்த்துத் திறந்தான். உள்ளே இரண்டு புதுத் தோட்டாக்கள் இருந்தன. சாயங்காலம் சுடலாம் என்று காலையிலேயே போட்டு வைத்திருக்கிறான்.

"அறிவிருக்காண்ணா உனக்கு!" என்று கத்தினேன்.

அண்ணி கத்தவில்லை. குழலைத் தாங்கிப் பிடிக்கிற அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். சோறு ஆறிப்போகிறது, வாங்க அண்ணி என்று நான் கூப்பிட்டபோதும் விடவில்லை.