பாதிக் குடும்பத்துக்கு ஒரு பை

எங்கள் வீட்டு நடையில் இரண்டு பைகள் எப்போதும் ஆயத்தமாக இருந்தன. இரண்டும் ஒரே நீலம், ஒரே அளவு. ஒன்றின் ஜிப்பில் சிவப்பு நூல் கட்டியிருக்கும், அது என்னுடையது. நூல் இல்லாதது என் கணவருடையது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவற்றைப் பார்த்து, "எங்கையும் பயணமோ?" என்று கேட்பார்கள். "இல்லை, காத்துக்கு" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் லண்டனில் அடித்த புயல்தான் இதற்கெல்லாம் தொடக்கம். நாங்கள் அப்போது ஈஸ்ட் ஹாமில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நாலு அறை உள்ள ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான், இவர், எட்டு வயது மகள், மூன்று வயது மகன். அன்றைக்குக் கூரை ஓடுகள் பறந்து, மழை உள்ளே இறங்கி, அலுமாரிக்கு மேலே கிடந்த சூட்கேசை ஊற வைத்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ்கள், கலியாண எழுத்துப் பத்திரம், காணி உறுதிப் பத்திரம், அடையாள அட்டைகள், ஹோம் ஆபிஸ் தந்த விசாக் கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான். விடிந்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்து, குசினியில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, உடுப்புக் கிளிப் போட்டுக் காயவிட்டேன். ஊரில் அந்தப் பதிவுகள் இருந்த கட்டடமே இப்போது இல்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். ஒன்று கரைந்து போனால் போனதுதான், இன்னொரு பிரதி எடுக்க வழியில்லை. நல்லவேளை, மை அங்கங்கே பரவியதே தவிர ஒரு பெயரும் அழியவில்லை. அந்தக் கயிற்றுக்குக் கீழே நின்று நான் கைகூப்பிக் கும்பிட்டேன். கடுதாசியைக் கும்பிடுகிறாயா என்று யாரும் கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்தப் புயலில் நடந்த இன்னொன்றை நான் முதலில் கவனிக்கவில்லை. காற்று உரக்கத் தொடங்கியதும் இவர் எங்களை இரண்டு பேர் இரண்டு பேராகப் பிரித்துவிட்டார். "நீர் தம்பியைக் கொண்டு படிக்குக் கீழை போம். நான் பிள்ளையோடை குசினியிலை நிக்கிறன்" என்றார். மாடிப்படிக்குக் கீழே சாமான் வைக்கும் அலுமாரி சின்னது, அதனால் சொல்கிறார் என்று நினைத்தேன். காரணம் இடம் அல்ல.

இவருக்கு ஊரில் ஒரே ஒரு அக்கா. புயலுக்கு முந்தின வருடம், நாங்கள் லண்டனில் ஒன்றுசேர்ந்து ஒரு வருடம் போலிருக்கும், அக்காவின் வீட்டில் ஷெல் விழுந்தது. அக்கா, அத்தான், மூன்று பிள்ளைகள். ஒருவரும் மிஞ்சவில்லை. கொழும்பிலிருந்து வந்த போனைக் கேட்டு வைத்தவர், "எல்லாரும் ஒரே அறையிலை இருந்திருக்கினம்" என்று மட்டும் சொன்னார். அக்காவைக் கண்டிப்பது போல இருந்தது. பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு பெற்றோல் ஷெட்டுக்கு ஷிப்டுக்குப் போய்விட்டார். அழவில்லை. அன்றும் இல்லை, எட்டாம் நாளுக்கும் இல்லை, முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்கும் இல்லை.

சில மாதம் கழித்து ஊரிலிருந்து வந்த ஒருவர், அக்கா வீட்டு இடிபாட்டில் கிடைத்த பிஸ்கட் தகர ரின் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். எத்தனையோ சோதனைச் சாவடி தாண்டி, தன் சாமானைக் குறைத்து, முன்பின் தெரியாத எங்களுக்காக அதைச் சுமந்து வந்த அந்த மனிதருக்கு ஒரு வேளை சோறு கொடுத்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. இன்றைக்கும் அவரை நன்றியோடு நினைக்கிறேன். ரின்னுக்குள் அக்கா குடும்பத்தின் பத்திரங்கள் எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. மூத்தவனின் பரீட்சைப் பெறுபேறும் இருந்தது. கணக்கில் அதிவிசேட சித்தி, அதற்கு மேலே ஒரு தரம் இல்லை.

இரண்டு பை முறை இப்படித்தான் வந்தது. இவருடையதும் மகளுடையதுமான மூலப் பத்திரங்கள் இவருடைய பையில். கூடவே என்னுடையதற்கும் மகனுடையதற்கும் போட்டோ கொப்பி. என் பையில் அதற்கு எதிர்மாறு. எல்லாம் பொலித்தீனில் சுற்றி, டேப் ஒட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு டோர்ச், ஒரு பாக்கெட் பிஸ்கட், பனடோல் மாத்திரை, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை. குடும்பத்துக்குப் பொதுவான கலியாண எழுத்தை எந்தப் பாதியில் வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தார். அரிசி மூட்டை வாங்கப் போனால் விலைகூடப் பார்க்காத மனிதர். "தாலிக்கொடியையும் வெட்டிப் பாதி பாதியாய் வைப்பமோ?" என்று கேட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை. அக்காவின் ரின்னில் இருந்தவற்றை அவர் தன் பையின் அடியில் வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "கிடக்கட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒத்திகை. "காத்து" என்று இவர் ஒரு சத்தம் போடுவார். மகன் விழுந்தடித்து ஓடி, படிக்குக் கீழே வீடு கூட்டுற மெஷினுக்கும் மிளகாய்த்தூள் பார்சலுக்கும் நடுவில் புகுந்துகொண்டு என்னைக் கூப்பிடுவான். அவனுக்கு அதைவிட நல்ல விளையாட்டு இல்லை. மகள் ஓட மாட்டாள். எழும்பி, அப்பாவின் பையைத் தோளில் மாட்டி, நடந்து குசினிக்குப் போவாள்.

அவள் ஒன்பது வயதிலேயே தன் தலைமயிரைத் தானே பின்னப் பழகிவிட்டாள். சோறு வடிக்கக் காட்டித் தரச்சொல்லிக் கேட்டாள். "அம்மா, அப்பாவின்ரை தேத்தண்ணிக்கு எத்தினை கரண்டி சீனி?" என்று கேட்டாள். வேறு பிள்ளைகள் டீவிக்கு முன்னால் கிடக்க என் பிள்ளை வேலை பழகுகிறாள் என்று எனக்கு ஒரே புளுகம், பெருமை தாங்கவில்லை. செவன் கிங்ஸில் இருக்கும் என் தங்கச்சிக்குப் போன் எடுத்து அளந்தேன்.

ஒருநாள் கோப்பை கழுவும்போது பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டே கேட்டாள்: "நீங்களும் தம்பியும் இல்லாட்டி, அப்பா ஷிப்டுக்குப் போகேக்கை நான் ஆரோடை இருக்கிறது?"

இவர் பைகளை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். பிள்ளை, நாங்கள் இல்லாத ஒரு வாழ்க்கைக்குத் தன்னை ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள்.

அன்றே இவரிடம் சொன்னேன். சண்டைதான் பிடித்தேன். எனக்கு வாய் நீளம், இவருக்கு வாயே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒருத்தராவது மிஞ்சோணும்" என்றார். "அக்கா வீட்டிலை ஒருத்தர் மிஞ்சியிருந்தால்..." என்று தொடங்கி அங்கேயே நிறுத்திக்கொண்டார். இறந்தவர்களைக் காட்டி ஒருவர் ஒன்றைச் சொன்னால், இருக்கிறவர்களால் அதை மறுக்க முடியாது. ஒத்திகை நடந்தது. மகள் மெலிந்துகொண்டு போனாள்.

இத்தனைக்கும் எனக்கு இந்த நாட்டுக் காற்றில் ஒரு கோபமும் இல்லை. உள்ளதைச் சொன்னால், ஒரு மரியாதைகூட இருந்தது. அதை எங்கள்மேல் ஒருவரும் ஏவி விடவில்லை. அது ஆள் பார்த்து அடிக்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் வீட்டுச் சொந்தக்காரர் ஏணியோடு வந்து புது ஓடு போட்டுத் தந்தார். அடித்ததற்காக யாரையும் வெறுக்கத் தேவையில்லாத ஒரு ஆபத்து எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, அது கிடைக்காத இடத்திலிருந்து வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு தை மாதம் மறுபடியும் ஒரு புயல் வந்தது. இந்த முறை பட்டப்பகலில். காலையில் ரேடியோ எச்சரித்தது. மத்தியானத்துக்கு முன்பே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சொன்னார்கள். மகன் ஒரு கையில், மகள் ஒரு கையில். குப்பைவாளி மூடிகள் தெருவில் உருண்டு எங்களை முந்திக்கொண்டு போயின. வீட்டுக் கதவைத் திறந்தபோது இரவு ஷிப்ட் முடித்துப் படுத்திருந்தவர் எழும்பி, முகம் சேவ் எடுத்து, சப்பாத்தும் போட்டு, இரண்டு பைகளோடு நடையில் நின்றார். பாவம், இரண்டு வருடமாகக் காத்திருந்த மனிதர்.

நானும் மகனும் படிக்குக் கீழே புகுந்தோம். இவரும் மகளும் குசினிக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் வீடே முனகத் தொடங்கியது. லைட் போய்விட்டது. மகன் டோர்ச்சை அடித்து என் மூக்குக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது தெருவில் ஏதோ இடிந்து விழுந்தது. எதிர்வீட்டுப் புகைபோக்கி என்று பிறகுதான் தெரியும். அந்தச் சத்தத்துக்கு எனக்கும் இவருக்கும் அக்கா வீட்டில் விழுந்த ஷெல்தான் நினைவுக்கு வந்திருக்கும்.

அலுமாரிக் கதவு திறந்தது. மகள் நின்றாள். தோளில் அந்தப் பை. அவளுக்குப் பின்னால் இவர்.

"பிள்ளை, குசினிக்கு வாங்கோ."

"நான் வரேல்லை."

"ஒருத்தராவது மிஞ்சோணும் எண்டு அப்பா சொன்னனான் எல்லே. பையிலை எல்லாம் இருக்கு. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் நாங்கள் ஆர் எண்டு தெரியும்."

"ஆருக்கு?" என்றாள் மகள்.

அவள் பையைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஊரிலை செத்த மாமியாக்களின்ரை பேப்பரும் இதுக்குள்ளைதானே இருக்கு. அங்கை மிஞ்சினது நீங்கள்தானே, அப்பா. நீங்கள் அதை வச்சு என்ன செய்தனீங்கள்?"

அவளுடைய வாயைப் பொத்தலாம் என்று என் கை எழும்பியது. எட்டவில்லை. எட்டாமல் போனதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அக்கா போன பிறகு மூன்று வருடமாக நான் கத்தியும் கெஞ்சியும் தொட முடியாத இடத்தை அந்தப் பிள்ளை ஒரு கேள்வியில் தொட்டுவிட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நாளைக்கு அது தன் வேலையாக வந்தால் எப்படிச் செய்வது என்று, சீனிக் கணக்குக் கேட்டது போலத்தான் கேட்டாள்.

காற்று வாசற்கதவிலிருந்த கடிதப் பெட்டியின் மூடியை அடித்து அடித்துத் திறந்தது.

"ஒண்டும் செய்யேல்லை, பிள்ளை" என்றார். "சும்மா வச்சிருக்கிறன்."

பிறகு அவளுடைய கையிலிருந்த பையை வாங்கி நடையில் வைத்துவிட்டு, அவளை முன்னுக்கு விட்டு, குனிந்து, தானும் உள்ளே வந்தார். அது இரண்டு பேருக்கே போதாத இடம். அவருடைய முழங்கால் என் விலாவில் ஏறியது. மகன் டோர்ச்சை அவருடைய முகத்துக்கு நேரே அடித்து, "அப்பா, இது எங்கடை பக்கம். நீங்கள் அவுட்" என்றான்.

"ஓமப்பன், நான் அவுட்" என்றார் இவர். "கொஞ்சம் தள்ளி இரும்."

கதவை இழுத்துச் சாத்தினேன். டோர்ச்சையும் வாங்கி அணைத்தேன். முதலில் அவருடைய மூச்சு மாறியது. பிறகு "அக்கா" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு இருபக்கமும் இருந்த இரண்டு பிள்ளைகளும் அசையவில்லை. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அந்த மனிதர் அழுது நான் கண்டதில்லை. அன்றும் காணவில்லை, இருட்டு. தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. மகளின் கை எனக்கு மேலால் நீண்டு அவருடைய தலையைத் தேடித் தடவியது.

வெளியே காற்று கொஞ்சம் தணிவது போலிருந்தது. எனக்குப் பதறிவிட்டது. இவரை எனக்குத் தெரியும். காற்று நின்ற அடுத்த நிமிடமே முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடு பார்க்க எழும்பிவிடுவார். காலையிலிருந்து காற்றை நிறுத்தச் சொல்லிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டிருந்த நான், அந்த நேர்த்தியைத் திருப்பிப் போட்டேன். பிள்ளையாரே, கொஞ்ச நேரம் அடிக்கட்டும். இந்த மனிதர் அழுது முடிக்கட்டும். ஓடு போனால் போகட்டும்.

பிள்ளையார் என் சொல்லைக் கேட்டார். பின்னேரம் வரைக்கும் காற்று அடித்தது.