முழு நஷ்டம்

அது மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. பள்ளங்கியில் மூன்று வருட ஒப்பந்தத்தில் எழும்பிக்கொண்டிருந்த விடுதிக்கு, கதவு விலை பேசப் போயிருந்தேன். கான்ட்ராக்டரின் கணக்கர் மஃப்ளர் சுற்றிய ஒல்லி மனிதர். எழும்பிய தூண்களைத் தானே எண்ணிப் பார்த்த பிறகுதான் கணக்கு எழுதுவார்.

அஸ்திவாரத்தில் பாறை வந்து செலவு ஏறிவிட்டது. வேலை முடியும்போது நாற்பது லட்சம் நஷ்டம் வரும் என்று இப்போதே தெரிந்துவிட்டது.

"பாதி வேலதானே முடிஞ்சிருக்கு? பாதி நஷ்டத்த மட்டும் எழுதுங்கண்ணே. முழுசாப் பாத்தா பேங்க்காரன் லோனை நிறுத்திருவான். உங்க சோலியும் போயிரும்" என்றார் கான்ட்ராக்டர்.

"லாபம்னா வேல ஆக ஆக எழுதலாம் தம்பி. நஷ்டம் தெரிஞ்ச அன்னிக்கே முழுசா எழுதிறணும்."

நாற்பது லட்சத்தையும் எழுதி முடித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டார் கணக்கர். "நாளைக்கு நான் வரணுமா, வேண்டாமா தம்பி?"

பாதியை எழுதியிருந்தால் அவர் அதைக் கேட்கவே வேண்டியிருந்திருக்காது.