ஹாஸ்டல் பிள்ளைகளின் பெஞ்சு

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை எடை போடும் இடத்தில் இருபது வருடமாக நிற்கிறேன். விவசாயிகள் கொண்டுவரும் மூட்டையின் மேல்பக்கத்தை நான் பார்ப்பதே இல்லை. மேலே எப்போதும் நல்ல கொழுந்துதான் இருக்கும். கையை அடிவரைக்கும் விட்டால்தான் முற்றிய இலையும், எடை கூடட்டும் என்று தெளித்த தண்ணீரும் தட்டுப்படும். இந்தப் புத்தியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வர எனக்குத் தெரியாது. "ஏனுங்க, உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகந்தானுங்களா?" என்பாள் மனைவி. அவள் ஏன் இதை இன்றைக்குக் கேட்கிறாள் என்று யோசிப்பேன்.

போன ஜூனில் மகளை டவுனில் இருக்கும் பெரிய கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பில் சேர்த்தோம். அதுவரை அவள் படித்தது வகுப்புக்குப் பதினைந்து பேர்கூட இல்லாத பள்ளி. முதல் நாள் அசெம்பிளியில் அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் ஜெபம் சொல்ல, இவள் மட்டும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். இந்தக் கூட்டத்தில் என் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள் என்று பயமாக இருந்தது.

இரண்டு மாதம் உம்மென்று வந்து போனாள். சாப்பாடு பாதி திரும்பி வரும். ஆகஸ்டில் திடீரென்று ஆள் மாறினாள். டப்பா காலியாக வந்தது. "கொஞ்சம் சேத்தி வைங்கம்மா" என்று கேட்கவும் ஆரம்பித்தாள். வேறொரு தகப்பன் என்றால் சந்தோஷப்பட்டிருப்பான். எனக்கோ சந்தேகந்தான் வந்தது. அவரைக்காயைக் கண்டாலே ஒதுக்கி வைப்பவள், அதையும் காலி செய்கிறாளாம்.

"யாரு கூடச் சாப்பிடற?"

"ஹாஸ்டல் பிள்ளைக கூடத்தாங்கப்பா."

ஹாஸ்டலில் சோறு போடும்போது அவர்களுக்கு இவள் டப்பா எதற்கு? நான் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பள்ளிப் பைக்குள் கையை அடிவரைக்கும் விட்டேன். ஒரு கைக்குட்டை முடிச்சு கிடைத்தது. அவிழ்த்தால், நூல் அறுந்த ஜெபமாலை.

முழுக் கதையும் எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். நைசாகப் பேசி என் பெண்ணை மதம் மாற்றுகிறார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் மூட்டை கொண்டுவந்தவனிடம் அடியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை, இவளிடமும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய், தலைமையாசிரியையான சிஸ்டரின் மேஜையில் கைக்குட்டையை விரித்து வைத்தேன். "இது எப்படிங்க சிஸ்டர் எம்பொண்ணு பையில வந்துச்சு?"

சிஸ்டர் மணிகளைப் பார்த்தார், வார்டனைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஹாஸ்டல் பெண் அழுதுகொண்டே வந்து நின்றாள்.

"என்னோடதுதான் சிஸ்டர். அறுந்து போச்சு. நாங்க வெளிய போக முடியாதில்ல, மார்க்கெட்ல கோத்து வாங்கிட்டு வர்றேன்னு அவதான் சொன்னா." பிறகு என்னைப் பார்த்தாள். "அவ ரெண்டு மாசம் குழாயடியில தனியா நின்னுதான் சாப்பிட்டா அங்கிள். நாங்கதான் எங்க பெஞ்சுக்குக் கூப்பிட்டோம். உங்க ஊட்டுச் சாப்பாட்டை ஆறு பேரும் பங்கு போட்டுக்குவோம்."

கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம் போலிருந்தது. சிஸ்டர் விடவில்லை. ஹாஸ்டல் பிள்ளைகள் வெளிச்சாப்பாடு சாப்பிடக்கூடாது, வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளிடம் எதையும் கொடுத்தனுப்பக்கூடாது. அங்கே அதுதான் சட்டம்.

"வார்டனுக்கு இது அரசல்புரசலாத் தெரியும்னு நினைக்கிறேன்," என்றார். "நீங்க கொண்டுவந்து மேஜை மேல வச்சிட்டீங்க. இனி நான் தெரியாத மாதிரி இருக்க முடியாதுங்க. நாளையிலிருந்து இவங்க ஹாஸ்டல் மெஸ்ஸுலதான் சாப்பிடணும்."

கெஞ்சினேன். புகார் கொடுக்க வந்தவன் நான்தான், தப்பு என்னுடையதுதான் என்றும் சொன்னேன். வேலைக்காகவில்லை.

சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று பட்ட வெட்கத்தை நான் வேறெப்போதும் பட்டதில்லை.

பத்து நாள் கழித்து, மதியம் டவுனில் ஒரு வேலை இருந்தது. பள்ளி வேலியோரம் வண்டியை நிறுத்தி உள்ளே பார்த்தேன். குழாயடியில் நின்று, சுவரைப் பார்த்தபடி அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் யாருமே இல்லை.

சாயங்காலம் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். "இன்னிக்கு யாரு கூடக் கண்ணு சாப்பிட்ட?"

"க்ளாஸ் பிள்ளைக கூடத்தாங்கப்பா. இப்ப நிறைய ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க."

சரி என்றேன். அவள் என்னிடம் சொன்ன முதல் பொய் அதுதான்.