ஷாம்பு போட்டுக் குளித்த கன்று

என் சித்தியின் அறையில் இருந்த பிராணிகளுக்கு உலகத்தில் வேறு எங்கும் பெயர் கிடையாது. சேவல் உடம்பில் வெள்ளாட்டுக் கொம்பு முளைத்த ஒன்று. வாத்தின் கழுத்தும் கெண்டை மீனின் வாலும் கொண்ட ஒன்று. ஆட்டுக்குட்டியின் முகத்தோடு கோழிக்கால்களில் நின்றுகொண்டு, யாரோ கூப்பிட்டதைப் போலத் திரும்பிப் பார்க்கும் ஒன்று. இறைச்சிக் கடையிலும் கோழிப் பண்ணையிலும் தோல், இறகு, கொம்பு, கால் என்று வாங்கிவந்து, கெட்டுப்போகாமல் பாடம் செய்து, உள்ளே கம்பியும் தேங்காய் நாரும் வைத்துத் தைத்து, இல்லாத பிராணிகளை உண்டாக்குவதுதான் சித்தியின் வேலை. அவற்றுக்குப் பெயர் வைப்பது என் வேலை. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அது பள்ளிக்கூடத்தைவிடப் பொறுப்பான உத்தியோகமாகப் பட்டது.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா அவினாசி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து இறந்துபோன பிறகு, இரண்டு பெட்டிகளோடு சரவணம்பட்டியில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்தவள். ஓவியக் கல்லூரியில் படித்தவள் ஆகையால், ஏதாவது வரைந்துகொண்டு தன் பாட்டுக்கு இருப்பாள் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவளோ வந்த வாரமே ஒரு செத்த சேவலைப் பாலிதீன் பையில் சுற்றி, எங்கள் ஃப்ரீசரில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா அன்றோடு ஐஸ்கிரீமை விட்டுவிட்டார். ஐ.டி. கம்பெனிக்காரர்கள் வந்துபோகும் காபிக் கடைகளில் சித்தியின் பிராணிகளை வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்கள் என்று அம்மா சொன்னபோதும் அவர் நம்பவில்லை. ஒருநாள் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அதுக்கு அடியில உக்காந்து பஃப்ஸ் திங்கறாங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பிராணிகளைப் பார்த்து நான் குழம்பியதே இல்லை. என்னைக் குழப்பியது ஒரு சட்டை. சித்தியின் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பாவுடையது. அவர் கழற்றி மாட்டிய நாளிலிருந்து துவைக்காதது. காலரில் அழுக்கு கோடு போட்டிருந்தது. சித்தி சில நேரம் கதவைச் சாத்திக்கொண்டு அதில் முகத்தை வைத்தபடி நிற்பாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, அம்மா நல்லெண்ணத்தில் அதை வாஷிங் மெஷினில் போட்டுத் துவைத்து, இஸ்திரி செய்து, அதே ஆணியில் மாட்டிவைத்தாள். கடைக்குப் போய்விட்டு வந்த சித்தி சட்டையைக் கையில் எடுத்தாள், முகத்தருகே கொண்டுபோனாள், பிறகு அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழுக்கா இருந்துச்சேன்னு தொவைச்சுப்போட்டேன் கண்ணு" என்றாள் அம்மா.

"அது அழுக்கு இல்லீங்கக்கா."

அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சித்தி சர்ச்சுக்கு வரவில்லை. கேக்கும் தொடவில்லை. நான் யாருக்கும் தெரியாமல் போய்ச் சட்டையைப் பரிசோதித்தேன். சாயம் போகவில்லை, கிழியவில்லை, பட்டன்கூடப் பத்திரமாக இருந்தது. போதாததற்கு ரோஜாப்பூ வாசனை வேறு அடித்தது. இவ்வளவு நல்ல சட்டையைப் பார்த்து ஒருவர் ஏன் அழ வேண்டும் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்ட வாரம், பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியப்பா போன் செய்தார். அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவளான பெரியம்மாவின் வீட்டுக்காரர் அவர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்துக்கு வேலைக்குப் போன குடும்பம். அவர் காலத்தில்தான் சொந்தமாக ஒரு மாடு என்று வீட்டுக் கட்டுத்தரைக்கு வந்தது. செவலை என்று பெயர். அந்தச் செவலை முந்தின நாள் ஈன்ற கன்று அன்று காலையில் செத்துப்போயிருந்தது. அதிலிருந்து மாடு யாரையும் மடியில் கைவைக்க விடவில்லை. போன ஈற்றிலும் இப்படித்தான் கன்று செத்து, செவலை பாலை அடக்கிக்கொண்டு, மடி கல்லைப் போலக் கட்டிக் காய்ச்சலில் விழுந்து பிழைத்ததாம்.

"ஊசி போட்டா பால் எறங்கும். தெனமும் போட்டா மாடு வீணாப் போயிருமுன்னு டாக்டரே சொல்றாரு" என்றார் பெரியப்பா. ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். "முந்தியெல்லாம் தோட்டத்துக்காரர் ஊட்டுல செத்த கன்னோட தோலை உரிச்சு, உள்ள வைக்கப்புல்லை அடைச்சு, மாட்டு முன்னால நிறுத்துவாங்க. மாடு தன் கன்னுன்னு நெனைச்சுப் பால் விட்டுரும். எனக்குச் சின்ன வயசுல பார்த்த ஞாபகந்தான். நீதான் தோலுக்குள்ள நாரை வெச்சு என்னென்னமோ பண்றயே அம்மணி, ஒரு கன்னுக்குட்டி பண்ணித் தர மாட்டியா?"

சித்தி தயங்கினாள். "உள்ளதை உள்ளபடி நான் பண்ணுனதே இல்லீங்க மாமா."

"அதென்ன பெரிய வேலை? றெக்கை வெக்காம உட்டா கன்னுக்குட்டிதானே" என்றார் பெரியப்பா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆகலைன்னா அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தைக்குத்தான் கொண்டுபோவோணும். அங்கிருந்து கேரளாவுக்கு ஏத்தீருவாங்க" என்றார்.

எனக்குக் கேரளா என்றால் படகுவீடு. மாட்டுக்கு வந்த வாழ்வைப் பார் என்று நினைத்துக்கொண்டேன். பால் கொடுக்காத மாட்டைச் சந்தையில் எதற்காக வாங்குவார்கள் என்பதை அம்மா என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னாள். அதற்கு மேல் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சித்தி காரை எடுப்பதற்கு முன்பே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். யார் சொல்லியும் இறங்கவில்லை.

ஊருக்குப் போனதும் சித்தி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காடாத் துணியில் தானே தைத்த ஏப்ரனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கன்றைக் கிடத்தியிருந்த தென்னை மரத்தடிக்குப் போனாள். என்னை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். மாலையில் அவள் திரும்பியபோது ஏப்ரன் முழுவதும் ரத்தமும் ஈரமுமாக, கிட்டே போக முடியாதபடி நாறியது. அதைக் கழற்றிக் கொல்லைப்புறத்தில் மோட்டார் ரூம் கதவில் மாட்டினாள். அதோடு எல்லோரும் அதை மறந்துபோனோம்.

கன்று பின்கட்டு அறையில் தயாரானது. சித்தி தோலை உப்பில் போட்டாள், படிகாரத் தண்ணீரில் ஊறவைத்தாள், ரத்தக்கறையும் நாற்றமும் போகும்வரை தன் ஷாம்பு பாட்டிலைக் கவிழ்த்துக் கவிழ்த்து அலசினாள். பிறகு ஹேர் டிரையரை வைத்து ரோமத்தை வாரிவாரிக் காயவைத்தாள். அந்தக் கன்றுக்குச் செய்த அலங்காரம் அதுவரை எனக்குக்கூட நடந்ததில்லை. கம்பியை வளைத்துக் கால்களை நிறுத்தி, பெரியப்பா மூட்டையில் கொண்டுவந்து போட்ட தேங்காய் நாரை நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க வயிற்றில் அடைத்தாள்.

"சின்னதா ஒரு றெக்கை மட்டும் வெச்சுக்கலாங்களா சித்தி?" என்று கேட்டுப் பார்த்தேன். பறக்கத் தெரிந்த கன்று என்றால் செவலைக்கும் சந்தோஷமாகத்தானே இருக்கும்?

"வேண்டாங்கண்ணு. இது நெசமான கன்னு" என்றாள் சித்தி.

இல்லாத பிராணிகளைத் தைக்கும்போது முணுமுணுவென்று பாடுகிறவள், இருந்த ஒன்றைத் தைக்கும்போது வாயைத் திறக்கவில்லை. வலது காது எப்படி மடிந்திருந்தது, நிற்கும்போது தலையை எந்தப் பக்கம் சாய்த்தது என்று பெரியம்மாவை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு நாள் உயிரோடு இருந்த கன்றைப் பற்றிப் பெரியம்மா பாவம் எவ்வளவுதான் சொல்வாள்? சித்தியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அம்மா, அப்பா, பெரியப்பா எல்லோரும் இத்தனை நாள் கேலி செய்த வேலை முதல்முறையாக ஓர் உயிரைக் காப்பாற்றப் போகிறது. அது தவறக்கூடாது என்று அவள் நினைத்தது எனக்கே தெரிந்தது.

கட்டுத்தரையில் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. டாக்டர் வந்து மடியில் ட்யூப் வைத்துக் கொஞ்சம் பால் எடுத்துவிட்டுப் போனார். செவலை தீனியைத் தொடவில்லை. பெரியம்மா அதன் நெற்றியில் கைவைத்துக் காலையும் மாலையும் ஜெபம் செய்தாள். ஆமென் சொல்லும் நேரத்துக்குச் சரியாக அது உதைத்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் கன்று வெளியே வந்தது. தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாப்பா அதன் வாயில் புல்லை வைத்துவிட்டுத் தின்னும் என்று காத்திருந்தாள். "உசுரு ஒண்ணுதான் பாக்கி" என்றார் பெரியப்பா. சித்தி சிரித்ததை நீண்ட நாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். கன்றைத் தூக்கிக்கொண்டுபோய்ச் செவலையின் முன்னால் நிறுத்தினார்கள்.

செவலை பார்த்தது. மூக்கை நீட்டி மோந்தது. பிறகு பெரிதாக ஒரு தும்மல் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னும் கிட்டே தள்ளினார்கள். தலையைத் தாழ்த்தி ஒரு முட்டு முட்டியதில் கன்று மல்லாந்து விழுந்தது. கண்ணாடிக் கண் ஒன்று கழன்று சாணத்தில் உருண்டது. சித்தி குனிந்து அதை எடுத்து, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே நின்றாள். கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது.

"உம்மேல ஒரு குத்தமும் இல்லை அம்மணி" என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டு வண்டிக்காரருக்குப் போன் செய்யப் போனார்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஊர் முழுவதற்கும் அது கன்றாகத் தெரிந்தது. பெற்ற மாட்டுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? காய்ச்சலில் கண் மங்கிவிட்டதோ? டாக்டர் கண்ணையும் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மினி வேன் வந்து வாசலில் பின்புறத்தைக் காட்டி நின்றது. பெரியப்பா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவிழ்க்காமல் நின்றார். அதைப் பார்க்கச் சகிக்காத பெரியம்மா, கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று கொல்லைப்புறத்துக்குப் போய், மோட்டார் ரூம் கதவில் காய்ந்து விறைத்துக் கிடந்த ஏப்ரனை எடுத்துத் துவைக்கிற கல்லுக்குக் கொண்டுவந்தாள். கல் கட்டுத்தரையை ஒட்டித்தான் இருந்தது. அவள் பக்கெட்டில் தண்ணீர் பிடிப்பதற்குள் செவலை கயிறு கழுத்தை அறுக்க எட்டி, ஏப்ரனை வாயால் இழுத்துத் தரையில் போட்டது.

முதலில் தின்னப் போகிறது என்று நினைத்தோம். அது நக்கியது. மேலிருந்து கீழாக, ஓர் ஓரம்கூட விடாமல் நக்கியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம், கன்றுக்கு மட்டுமேயான சத்தம் வந்தது. பெரியம்மா பதறிப்போய்த் துணியை இழுக்கக் குனிந்தாள்.

"அக்கா, தொவைச்சுப்போடாதீங்க!"

சித்திதான். பின்கட்டு வாசலில் நின்று கத்தினாள். செவலையின் காம்புகளிலிருந்து பால் தானாக, கேட்பாரில்லாமல், மண்ணில் சொட்ட ஆரம்பித்திருந்தது.

"ஏனுங்க, என்னத்தைப் பாத்துட்டு நிக்கறீங்க, போசியை எடுத்துட்டு வாங்க!" என்று பெரியம்மா அலறினாள். பெரியப்பா கையில் கிடைத்த குழம்புப் பாத்திரத்தைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வேன்காரர் ஒன்றும் புரியாமல் ஹாரன் அடித்தார்.

பெரியம்மா கறக்கக் கறக்க, சித்தி செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நானே தொவைச்சுப்போட்டேனே, நானே தொவைச்சுப்போட்டேனே" என்று அதன் காதோடு சொல்லிச் சொல்லி அழுதாள். தோற்றுப்போனதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க பண்ணுனதுதானுங்க சித்தி நல்லா இருக்குது. மாட்டுக்குத்தான் ஒண்ணுந் தெரியலை."

"அதுக்கு மட்டுந்தாங்கண்ணு தெரிஞ்சிருக்குது" என்றாள்.

அதற்கப்புறம் தினமும் கறவை நேரத்தில் ஏப்ரனை முக்காலி மேல் போட்டுச் செவலையின் முன்னால் வைத்தார்கள். தலை இல்லை, கால் இல்லை, வால் இல்லை. சித்தி செய்த எல்லாப் பிராணிகளுக்கும் பெயர் வைத்த எனக்கு, அதற்கு மட்டும் ஒரு பெயரும் தோன்றவில்லை.

ஒற்றைக்கண் கன்றைப் பின்சீட்டில் நிறுத்தி சீட் பெல்ட் போட்டு, நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நடந்ததைச் சித்தி சமையலறையில் சொன்னபோது, கேட்டுக்கொண்டே வந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, "எனக்குத் தெரியலையே கண்ணு" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். மாடு பிழைத்துவிட்டது, பால் சொசைட்டிக்குப் போகிறது. எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு இரண்டு பேரும் எதற்கு அழுகிறார்கள் என்று நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னை ஹாலுக்கு அனுப்பிவிட்டார்.

சில நாள் கழித்து, சித்தி அந்தக் கன்றின் வயிற்றுத் தையலைப் பிரித்தாள். முதுகில் வைக்க வாத்தின் இறக்கைகளைத் தயாராக எடுத்து வைத்திருந்தாள். முணுமுணுவென்று பாட்டும் வந்துவிட்டது. உள்ளே இருந்த நாரில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு, ஆணியில் தொங்கிய நீலக் கட்டச் சட்டையைக் கழற்றி, பட்டன்களைப் போட்டு, சின்னதாக மடித்து, கன்றின் நெஞ்சுக்குள் வைத்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நார் தீர்ந்துபோய்விட்டது, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கிடைத்ததை வைத்து அடைக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. கீழே ஓடினேன். என் தலையணையைக் கத்தரிக்கோலால் கிழித்து, பஞ்சை ஒரு போசி நிறைய அள்ளிக்கொண்டு மாடிக்கு வந்தேன்.

"இதை வெச்சுக்குங்க சித்தி. சித்தப்பா சட்டையை எடுத்துருங்க. தொவைச்சு இப்பத்தானே நல்லா இருக்குது."

சித்தி பஞ்சை வாங்கிக்கொண்டாள். சட்டையை எடுக்கவில்லை.