அறுபதும் நாற்பத்தைந்தும்

1998 மே 24, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது, ஆறரைக்கு நின்றது. அப்பா சைக்கிளைத் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். மாமா ஏழு மணிக்குப் பந்தோடு மைதானத்துக்குப் போய் ஒன்பதரைக்குப் புழுதியாகத் திரும்பினார். பதினோரு மணிக்கு நான் நீல அட்டை நோட்டில் கடைசிக் கோட்டைப் போட்டு முடித்தேன். இவ்வளவும் என் டைரியில் இருக்கிறது. அப்போது எனக்குப் பதினொரு வயது. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம்.

மாமா அம்மாவின் தம்பி. ஒன்பது வயதில் தாயை இழந்தவர். அம்மா கல்யாணமாகி வந்தபோது டிரங்குப் பெட்டியோடு அவரும் வந்தார். அவரைப் பள்ளியில் சேர்த்ததும் அப்பாதான், இடது காலால் பந்தை வளைத்து உதைக்கக் கற்றுக்கொடுத்ததும் அப்பாதான். அப்பாவை அவரும் 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஆண்டு பொங்கல் கழிந்ததும் அப்பா யார் யாரையோ பார்த்து, பக்கத்து ஊரான பாடியில் ஒரு பட்டறையில் மாமாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். மாமா பதினேழு நாள் போனார். பதினெட்டாம் நாள் மேஸ்திரியோடு சண்டை போட்டு, டிபன் பாக்ஸைக்கூட எடுக்காமல் திரும்பிவிட்டார். "சொல்லிவிட்டவன் மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்?" என்று அப்பா ஒரே ஒருமுறை கேட்டார். அதோடு அவருடன் பேசுவதை நிறுத்திவிட்டார்.

பேச்சை நிறுத்துவதற்கும் எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. "உன் தம்பிய சாப்பிடச் சொல்லு" என்பார் அப்பா. மாமா இரண்டடி தள்ளித் தட்டோடு உட்கார்ந்திருப்பார். "பசிக்கலன்னு சொல்லிடுக்கா" என்பார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே. அம்மா குழம்புக் கரண்டியோடு நடுவில் நிற்பாள். இவர் சொன்னதை அவருக்கோ, அவர் சொன்னதை இவருக்கோ அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

கால்பந்துக்கு மட்டும் இந்த முறை செல்லாது. கேபிளில் சனிக்கிழமை மாலை இங்கிலாந்து லீக், ஞாயிறு மாலை இத்தாலிய லீக். அப்பா இத்தாலி, மாமா இங்கிலாந்து. டிவியில் பந்து உருண்டதும் அம்மாவின் துணையில்லாமலே இருவரும் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

"மூணு வருஷமா ஐரோப்பியக் கோப்பை ஃபைனல்ல எவன்டா நிக்கிறான்? இத்தாலிக்காரன். அதான் லீக்கு."

"நின்னு இன்னா மாமா பிரயோஜனம்? அந்த லீக்ல நாலு டீம் ஆடுது, மிச்சவன்லாம் பந்து பொறுக்கிப் போட வந்தவன். எங்காளுங்கள பாரு. மேல கீறவன் கடைசி டீமு ஊருக்குப் போறதுக்கே பயந்துகினு போறான்."

"மழைல வழுக்கி வுழுந்து கோல் போடறானுங்க. அது ஃபுட்பாலா, கபடியா?"

"கபடின்னாலும் கடைசி வரைக்கும் யார் கெலிப்பான்னு தெரியாது இல்ல? உன் லீக்ல டாஸ் போடச்சொல்லவே தெரிஞ்சிரும்."

அப்பா சிரிப்பை அடக்க மீசையை நீவிக்கொள்வார். ஆட்டம் முடிந்து டிவியை அணைத்ததும் "தண்ணி குடுக்கச் சொல்லு" தொடங்கிவிடும்.

எனக்கு இது பொறுக்கவில்லை. ஒரே கேள்வியை வாராவாரம் கேட்டு, ஒரு வாரம்கூட முடிவுக்கு வராமல் எழுந்து போகிறார்களே என்பதுதான் என் குறை. எந்த லீக் உயர்ந்தது என்பதைக் கணக்குப் போட்டுத் தீர்த்துவிட முடிவு செய்தேன். தொழிற்சாலை வாசகசாலையிலிருந்து அப்பா கொண்டுவரும் ஒருநாள் பழைய ஆங்கிலப் பேப்பரில் பொடி எழுத்தில் பட்டியல்கள் வரும். வாரந்தோறும் அவற்றை நோட்டில் எழுதினேன். மே மாதம் இரண்டு லீக்குகளும் முடிந்தன. கோடை விடுமுறை, எனக்கு வேறு வேலையும் இல்லை.

அன்று மதியம் கறிக்குழம்பு. கை கழுவியதும் இருவரையும் உட்காரவைத்து நோட்டைப் படித்தேன். இத்தாலியில் முதல் அணிக்கு எழுபத்து நான்கு புள்ளிகள், கடைசி அணிக்குப் பதினான்கு, இடைவெளி அறுபது. இங்கிலாந்தில் எழுபத்தெட்டும் முப்பத்து மூன்றும், இடைவெளி நாற்பத்தைந்து.

"அங்க பதினெட்டு டீமு, இங்க இருபது. மேட்ச் எண்ணிக்கையால வகுத்தியா?" என்று அப்பா கேட்டார்.

"வகுத்திருக்கேன்பா. கீழ பாருங்க. இத்தாலி 1.76, இங்கிலாந்து 1.18."

அப்பா நோட்டை வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார். நான் தீர்ப்பைச் சொன்னேன்: "வெளிநாட்டுக்காரங்கள ஜெயிக்கிறதுல இத்தாலி பெரிசு, அப்பா கரெக்ட். லீக்குக்குள்ள எல்லாரும் சமமா மோதுறது இங்கிலாந்துல, மாமா கரெக்ட். நீங்க ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்கு பதில் சொல்லிகினு இருந்திருக்கீங்க. இனிமே சண்டையே வேணாம்."

"வக்கீலம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்கோ" என்று மாமா சிரித்தார். அப்பாவும் "சரியாத்தான் சொல்றா" என்றார். பாராட்டுக்காக நான் அம்மாவைப் பார்த்தேன். "இதெல்லாம் உன்ன யாருடி கேட்டா?" என்றாள்.

மாலையில் ஆட்டம் இல்லை. உலகக் கோப்பைக்கு இன்னும் இரண்டரை வாரம் இருந்தது. அதிலும் இருவருக்கும் பிடித்தது பிரேசில், ஆகவே பேச ஒன்றுமில்லை. ஏழு மணிக்கு அப்பா டிவியைப் போட்டார், ஏதோ பாட்டு ஓடியது, அணைத்துவிட்டார். எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா ரசம்கூடக் கேட்கவில்லை. மின்விசிறி கிறீச்சிடுவது எனக்கு அன்றுதான் முதன்முதலாகக் காதில் விழுந்தது.

சாப்பிட்டு எழுந்த மாமா பரணிலிருந்து பையை இறக்கினார்.

"அக்கா, திருப்பூர்ல ஒரு கூட்டாளி கீறான். பனியன் கம்பெனில ஆளு கேக்குறாங்கோளாம். காலைல கெளம்புறேன்."

"மாமாகிட்ட சொன்னியா?"

"நீயே சொல்லிடு. எனக்கு இந்த ஊட்ல பேசறதுக்கு இன்னா கீது?"

அப்பா அடுத்த அறையில்தான் இருந்தார். கதவும் திறந்துதான் இருந்தது. அம்மா கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். "பாத்திரம் 2 தடவை" என்று நான் டைரியில் குறித்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலை அப்பா சவரம் செய்யவில்லை, பல்கூடத் துலக்கவில்லை. என் அலமாரியிலிருந்து நீல நோட்டை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். மாமா பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

"டேய், இங்க வா. இவ போட்ட கணக்கு தப்புடா."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாமாவும் ஒரு கணம் அவளைத்தான் பார்த்தார்.

"இன்னா மாமா தப்பு?"

"இத்தாலில முப்பத்துநாலு மேட்ச்சு, இங்கிலாந்துல முப்பத்தெட்டு. இவ வகுக்கவே இல்ல. உன் லீக்கு கெலிச்சிடுச்சின்னு நெனச்சிகினு பைய தூக்கிடாத."

"வகுத்தாலும் நாங்கதான் மாமா!"

"வாயால சொன்னா ஆச்சா? ஒக்காந்து போட்டுக் காட்டு. அப்பறம் ஸ்பெயின் கீது, ஜெர்மனி கீது. எல்லாத்தையும் போடு."

மாமா பையைச் சுவரோரம் வைத்துவிட்டு என்னிடம் பென்சில் கேட்டார்.

"நேத்தே வகுத்துட்டேன்பா! நீங்களே பாத்தீங்களே!" என்று நான் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தி அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. இழுபட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் நான் வகுத்து எழுதியிருந்த இரண்டு வரிகளின் மேல் அப்பாவின் கட்டைவிரல் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

அன்றைய டைரியில் முதல் பதிவு இப்படி இருக்கிறது: "காலை 5.50. அப்பா என் கணக்கைத் தப்பு என்றார். விரலை எடுத்துவிட்டுப் பார்த்தால்தானே தெரியும்?"